தோலும் துவக்கும்

சைவசித்தாந்த சாத்திரங்களைத் தத்துவக் கட்டளையினின்று தொடங்கிப் பயில்வார்க்குத் தொடக்கத்திலேயே எழும் ஐயங்களுள் ஒன்று தோலைப் பற்றியது. நிலத்தின் கூறாய் உடம்பில் நிற்பன மயிர், எலும்பு, தோல், நரம்பு, தசை என ஐந்து என்று உண்மை விளக்கம் முதலிய நூல்கள் கூறும். அந்நூல்களே ஞானேந்திரியங்களை எண்ணுமிடத்துச் செவி, துவக்கு, கண், நாக்கு, மூக்கு என வைத்து, அவற்றுள் துவக்கு என்பது காற்றை இடமாகக் கொண்டு ஊற்றினை அறியும் என்று கூறும். துவக்கு என்பதோ தோலைக் குறிக்கும் வடசொல்லின் தமிழ் வடிவம். அங்ஙனமாயின், தோல் ஒன்றே ஓரிடத்து நிலத்தின் கூறாகவும் மற்றோரிடத்துக் காற்றைப் பற்றிய பொறியாகவும் நிற்குமோ? ஒரு பொருளையே இருகால் எண்ணித் தத்துவம் 36, தாத்துவிகம் 60 எனத் தொகை நிரப்பினார்களோ?

யான் மடத்திற் பாடங்கேட்ட நாளில் உடன்பயின்றார் ஒருவர் இதனை வினாவினார். ஆசிரியர், "தோல் வீடு; துவக்கு அதிற் குடியிருப்பது" என்ற அளவில் விடையிறுத்து அடுத்த பாடத்திற்குச் சென்றார். விடை சாலச் சுருங்கியது. இக்காலத்து உடற்கூற்று நூலார் தோலை அடுக்கடுக்காகப் பிரித்துக் கண்டு கூறுவனவற்றை அதனோடு வைத்து நோக்கின், அச்சிறுவிடையின் பொருள் பெரிதும் விரியும். ஆதலின் முதற்கண் அவ்வடுக்குகளின் இயல்பை ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

ஓரினத்து உயிரணுக்கள் பல கூடி ஒரு தொழிலுக்கென நெய்துகொண்ட பரப்பைத் திசு என்று நம் நாட்டுப் பள்ளி நூல்கள் வழங்கும். யாழ்ப்பாணத்தார் அதனை இழையம் என்பர். இழையம் என்னும் சொல்லே எனக்கு இனிது. நெசவு பெருகிய கோயம்புத்தூர்ப் பக்கத்தார்க்கு அதனை விளக்கவும் வேண்டா. தோல் என்பது ஒரே இழையம் அன்று. மேலே மேற்றோல், அதன் கீழ் உட்டோல், அதற்கும் கீழ்க் கொழுப்பிழையம் என மூன்று, தம்முள் இயல்பு வேறாகியன, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்பதே நாம் தோல் என ஒருசொல்லாற் கூறுவது. வளர்ந்த ஒருவர் உடம்பில் அது பரந்துள்ள இடம் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர்.

மேற்றோல் மிக மெல்லிது. கண்ணிமையில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரை இருபது கூறிட்டதில் ஒரு கூறளவே. உள்ளங்கை உள்ளங்கால்களில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். அதனுள் குருதிக்குழாய் ஒன்றேனும் இல்லை. கீழேயுள்ள உட்டோலினின்று கசிந்து வரும் ஊட்டத்தினாலேயே அது வாழும். அதன் அடிவரிசை உயிரணுக்கள் இடையறாது பகுந்து பெருக, முன் பிறந்தவை மேலே தள்ளப்படும். மேலேறுந்தோறும் அவை முள்போன்ற இணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, பின்னர் உள்ளே மணிமணியாய்ச் சில பொருள்கள் திரண்டு, கெரட்டின் என்னும் பொருள் நிறைந்து, உட்கரு அழிந்து, தட்டையாகி, உயிர் நீங்கிய செதிளாய் மேற்புறத்தை அடையும். கெரட்டின் என்பது நகத்திற்கும் மயிருக்கும் மாட்டின் கொம்பிற்கும் முதலாகிய பொருள். அடியிற் பிறந்த ஓரணு செதிளாகி உதிர ஏறக்குறைய நான்கு வாரம் செல்லும். முதுமையில் இக்காலம் இன்னும் நீளும். இப்படிநிலைகளைப் பற்றி அடியடுக்கு, முள்ளடுக்கு, மணியடுக்கு, கொம்படுக்கு என மேற்றோலை நான்காகப் பகுப்பர். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் மணியடுக்கிற்கும் கொம்படுக்கிற்கும் இடையே ஒளி ஊடுருவும் மெல்லடுக்கு ஒன்று மிகையாக உண்டு. இதனைப் பின்னர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நிறத்திற்குக் காரணமாகிய மெலனின் என்னும் பொருளை ஆக்கும் உயிரணுக்கள் அடியடுக்கில் இருக்கின்றன. கரியார்க்கும் வெளியார்க்கும் அவ்வுயிரணுக்களின் தொகையிற் பெரும் வேறுபாடு இல்லை. அவை ஆக்கும் பொருளின் அளவிலும் வகையிலுமே வேறுபாடு. மேனி நிறம்பற்றி ஒருவரை உயர்த்தியும் தாழ்த்தியும் பேசுவார், தாம் பேசுவது ஒரு தாளினும் மெல்லிய ஏட்டின் அடியிற் கிடக்கும் பொடியைப் பற்றி என்று அறிவார்களாக.

எனவே நாம் ஒருவர் முகத்தையோ கையையோ நோக்குங்கால் நம் கண்ணிற் படுவது இறந்த செதிள்களின் போர்வையே. இது மிகையுரை அன்று. ஏர் பிடித்த உழவர் கையிலும், கோயம்புத்தூர்ப் பவுண்டரிகளில் இரும்பு வார்ப்பார் கையிலும் ஏறியிருக்கும் காய்ப்பு இக்கொம்படுக்கின் தடிப்பே. அதனைக் கத்தியாற் சீவினும் நோவதில்லை, குருதி வருவதும் இல்லை. தீக்கொப்புளத்தின் மேல்மூடியை மருத்துவர் கத்தரிக்கும்பொழுது நோயாளி வாளா இருப்பார். மூடி நீங்கிய சிவந்த அடித்தளத்தில் பஞ்சு பட்டாலும் அலறுவார். முழங்கால் சிராய்த்த பிள்ளைக்கு முதலில் வெண்மையாய்த் தோன்றிப் பின்னர்ப் புள்ளி புள்ளியாகக் குருதி துளிப்பது, உட்டோலின் முகடுகள் அப்பொழுதுதான் திறந்தன என்பதைக் காட்டும்.

இன்னும் எளிய சான்று வேண்டுமாயின் நம் வீட்டுப் பெண்டிர் கையை நோக்குக. மருதாணி இட்ட சிவப்பு இரண்டு மூன்று வாரத்தில் மங்கி அகலும். பழைய தலைமுறைப் பாட்டிமார் முன்கையில் குத்திக்கொண்ட பச்சையோ சுடுகாடு மட்டும் உடன்வரும். முன்னது கொம்படுக்கிற் படிவது. செதிள் உதிர உடன் உதிரும். பின்னது ஊசிவழி உட்டோலிற் சென்று தங்குவது. மேற்றோல் நூறு முறை புதுப்பினும் அதற்கு அழிவில்லை. மேற்றோலின் இயல்பையும் உட்டோலின் இயல்பையும் வேறுபடுத்திக் காட்ட இவ்விரண்டினும் சிறந்த எடுத்துக்காட்டை யான் அறியேன்.

இனி உட்டோல். இடத்திற்கேற்ப ஒன்று முதல் நான்கு மில்லிமீட்டர் வரை கனமுடையது. குருதிக்குழாய், வியர்வைச் சுரப்பி, நெய்ச் சுரப்பி, மயிர்க்கால், நரம்பு நுனி எல்லாம் இருப்பது இதனுள்ளேயே. இதன் மேற்பகுதி முகடு முகடாய் எழுந்து மேற்றோலின் அடிப்புறத்துக் குழிகளில் கோத்துக்கொண்டு நிற்கும். விரல் நுனியிற் காணும் கைரேகை வரிகள் அம்முகடுகளின் ஒழுங்கினால் அமைந்தன. கீழ்ப்பகுதி தடித்த நார்களின் பின்னல். அந்நாரின் பெயர் கொல்லாசன். நீர் நீக்கிய உட்டோலின் எடையில் பத்தில் ஏழு பங்கு அதுவே. விலங்கின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரையும் மேற்றோலையும் ஒருபுறம் களைந்து, ஊனையும் கொழுப்பையும் மறுபுறம் சுரண்டி, எஞ்சிய உட்டோலை ஆவாரம்பட்டை முதலியவற்றின் துவர்ச்சாற்றிற் பதனிட்டால் தோற்பொருள் கிடைக்கும். நாம் காலில் அணியும் செருப்பு மாட்டின் உட்டோலேயன்றி வேறன்று. பேரூர்க் கனகசபைத் தூணில் யானையுரி போர்த்த மூர்த்தியைக் கண்டு தொழுவார் பலர். உரித்தற்கும் போர்த்தற்கும் உரிய வலிமை தோலுக்கு எங்கிருந்து வந்தது என்னும் வினாவிற்கு உடற்கூற்று நூலார் விடை, இக்கொல்லாசன் என்பது.

இந்நாரின் நுண்ணமைப்பை உலகுக்கு வெளிப்படுத்தியது சென்னை நகரமே என்பதை நம்மவர் பலர் அறியார். கோ. நா. இராமச்சந்திரன் என்னும் பேராசிரியர் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பௌதிகத்துறைக்கு வந்தவர். அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தினின்று கங்காருவின் வால்நார் சிறிது பெற்று, அதனுள் எக்சு கதிரைச் செலுத்திப் பார்த்து, கொல்லாசன் என்பது மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் புரி என்று கோபிநாத கர்த்தா என்பாருடன் 1954இலும் 1955இலும் இங்கிலாந்து நாட்டு நேச்சர் இதழில் எழுதினார். முப்புரிக் கயிறு முறுக்கத் தெரிந்த எந்த உழவனுக்கும் அதன் வலிமை சொல்லாமலே விளங்கும்.

உட்டோலினுள் ஊற்றுணர்வுக்கெனச் சில நுண்ணுறுப்புகள் உள. உட்டோல் முகடுகளில் இருக்கும் மைசுனர் உறுப்பு மெல்லிய தொடுகையையும் பொருள் நழுவுதலையும் அறிதற்குக் கருவி. ஆழத்தே, கொழுப்பை ஒட்டி, வெங்காயத்தின் ஏடுபோலப் பல சுற்றுடைய பாசினி உறுப்பு அதிர்வை அறிதற்குக் கருவி. ஒரு மில்லிமீட்டர் அளவினதாகலின் கூரிய கண்ணுக்கு அது புலப்படும். தோல் இழுபடுதலை அறிதற்கு ரஃபினி உறுப்பு. மேற்றோலின் அடியடுக்கில் நின்று அழுத்தத்தையும் விளிம்பையும் அறிதற்கு மெர்க்கெல் அணு. வலி, வெப்பம், தண்மை, அரிப்பு இவற்றுக்கு வாயிலாவன உறையில்லாத நரம்பு நுனிகள். அவற்றுட் சில மேற்றோலின் கீழ்ப்பகுதி வரை நுழையும். உயிரற்ற கொம்படுக்கிற்கு ஒன்றும் எட்டாது. இந்நுனிகளில் வெப்பம் எவ்வாறு உணர்வாக மாறுகின்றது என்பதை மிளகாயின் காரத்தைக் கொண்டே ஆராய்ந்து, காரமும் சூடும் ஒரே வாயிலைத் திறக்கின்றன என்று 1997இல் டேவிட் ஜூலியசு என்பார் கண்டார். அழுத்தத்திற்குரிய வாயிலை ஆர்டெம் பட்டபூட்டியன் என்பார் 2010இல் வெளியிட்டார். இருவர்க்கும் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பச்சைமிளகாய் நறுக்கிய கை எரிகின்றது என்று நம் பெண்டிர் கூறுவது உவமையன்று, உள்ளதே ஆம்.

மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் மிகச்சிறு தசையொன்று சாய்வாகப் பற்றிநிற்கும். குளிராலோ அச்சத்தாலோ உவகையாலோ அது சுருங்க, மயிர் நிமிரும். அடியார்க்கு உரிய மெய்ப்பாடுகளுள் புளகம் என எண்ணப்படுவதற்கு உடம்பில் இடம் இதுவே. அத்தசை நம் விருப்பிற்கு அடங்காத நரம்பினால் இயங்குவது. கையை மடக்குவது போல மயிரைச் சிலிர்ப்பித்தல் இயலாது. கண்ணீரை வருவித்துக்கொள்வார் உளர். புளகத்தை வருவித்துக்கொள்வாரை யான் கண்டதில்லை.

கொழுப்பிழையத்தைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. வெப்பத்தைக் காத்தலும், அடியைத் தாங்கும் மெத்தையாதலும், உண்டதைச் சேமித்தலும் அதன் தொழில்.

நம் நாட்டு முன்னோர் தோலின் அடுக்கை எண்ணினார்களோ எனின், எண்ணினார்கள். சுசுருதசங்கிதையின் சரீரத்தானம் கருவில் தோல் உண்டாவதைக் காய்ச்சிய பாலின்மேல் ஏடு படிதலோடு ஒப்பிட்டு, அவபாசினி, லோகிதை, சுவேதை, தாம்பிரை, வேதினி, ரோகிணி, மாஞ்சதரை என ஏழு தோல் கூறும். நெல்மணியை அளவுகோலாகக் கொண்டு ஒவ்வொன்றன் கனமும், அதிற் பிறக்கும் நோய்களும் வகுக்கும். சரகர் ஆறு என்றே கூறுவர். எண்ணிக்கையில் மாறுபாடு இருத்தலாலேயே இவர்கள் கேட்டதை எழுதாமல் கண்டதை எழுதினர் என்று கொள்ளலாம். கண்ட முறையையும் சுசுருதர் மறைக்கவில்லை. பிணத்தைப் புல்லாற் சுற்றி ஓடுநீரில் ஏழு இரவு வைத்து, நன்கு ஊறிய பின் எடுத்து, வெட்டிவேர் முதலியவற்றாற் செய்த தூரிகையால் மெல்ல மெல்லத் தேய்த்துத் தோல் முதலியவற்றை ஒவ்வொன்றாய்க் காண்க என்பது அவர் விதி. நீரில் ஊறிய தோல் ஏடேடாய்ப் பிரியும் என்பது துணி துவைப்பார் கையைப் பார்த்தாலும் அறியலாகும்.

இக்காலத்தார் சிலர் மேற்றோலின் ஐந்தடுக்கையும் உட்டோலின் இருபகுதியையும் கூட்டி ஏழாக்கி, சுசுருதர் ஏழும் இவையே என நிறுவ முயல்வர். அது பொருந்தாது. ஐந்தாவதாக எண்ணப்படும் ஒளியடுக்கு உள்ளங்கை உள்ளங்கால்களுக்கே உரியதென மேலே கூறினேன். சுசுருதரோ தாம் கூறிய அளவு தசை மிக்க இடங்களுக்கே உரியது, நெற்றி, சிறுவிரல் முதலியவற்றுக்கு அன்று என்று வரையறுத்தார். தசை மிக்க இடங்களில் இல்லாத அடுக்கை அவர் எண்ணினார் என்பது எங்ஙனம் கூடும்? அன்றியும், எல்லா நிறங்களையும் விளக்குவது முதலாம் தோல் என்று அவர் கூற, நிறப்பொருள் பிறப்பதோ மேற்றோலின் அடியில். நுண்பெருக்காடி கொண்டு காண்பனவற்றை முன்னோர் வெறுங்கண்ணாற் கண்டனர் எனல் அவர்க்குப் பெருமை சேர்ப்பது அன்று. வெறுங்கண்ணும் வெட்டிவேரும் கொண்டு இவ்வளவு கண்டனர் என்பதே பெருமை. எனினும் ஒன்று கருதத்தக்கது. உணர்வு என்னும் பொருள்படும் வேதினி என்னும் பெயரை அவர் மேலுள்ள நான்கு தோலுக்கும் இடவில்லை, ஐந்தாவதற்கே இட்டார். உணர்வின் இடம் மேற்பரப்பு அன்று என்னும் அளவில் பழமையும் புதுமையும் ஒத்து நிற்கின்றன.

இனி, தோல் குறைவின்றி இருப்பவும் ஊற்றுணர்வு மட்டும் நீங்குதல் உண்டோ? உண்டாயின் தோல் வேறு, துவக்கு வேறு என்பது காட்சியளவையாலேயே பெறப்படும். அறப்பளீசுவரர் எழுந்தருளிய கொல்லிமலையில், ஆங்கிலக் கிறித்தவத் தொண்டர் இருவர்க்கு மகனாய் 1914இல் பிறந்தவர் பால் பிராண்டு. இலண்டனில் அறுவைமருத்துவம் கற்று, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறுவருடம் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை ராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவர் அழைப்பின்மேற் காணச் சென்று, விரல் மடங்கிய ஒரு நோயாளியைத் தம் கையைப் பற்றும்படி கூற, அவர் இரும்புப்பிடியாய்ப் பற்றினார். நோவச் செய்கின்றோம் என்பதை அவர் அறியவே இல்லை. தசையில் வலிமை உண்டு, தோல் உண்டு, உணர்வு இல்லை.

தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிரும் என்பது அதுகாறும் உலகினர் கொள்கை. பிராண்டும் அவருடன் பணி செய்தாரும் ஆண்டுக்கணக்கில் நோக்கி அதனை மறுத்தனர். 1873இல் ஆன்சென் என்பார் கண்ட அந்நோய்க் கிருமி, உடம்பின் குளிர்ந்த பகுதிகளையும் தோலை நோக்கிச் செல்லும் நரம்புகளையும் பற்றுவது. நரம்பு அழிய, தோல் மரத்துப்போகும். மரத்த கையால் கொதிக்கும் பானையைப் பற்றுவர். மரத்த காலில் முள் தைத்தவாறே நடப்பர். இரவில் எலி கடித்தும் விழியாமல் உறங்குவர். எலியைத் தடுக்க நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தனுப்பியதைப் பிராண்டு தம் நூலில் எழுதியிருக்கின்றார். விரல்களைத் தின்றது நோய் அன்று. உணராமையால் நேர்ந்த காயமும் அதில் ஏறிய சீழுமே. அந்நூல் 1993இல் பிலிப் யான்சி என்பாருடன் அவர் எழுதியது. வலியை யாரும் விரும்பாத கொடை என்று அதற்குப் பெயரிட்டார். இந்நோய்க்கு 1981 முதல் கூட்டுமருந்து வழக்கிற்கு வந்து, இன்று முழுதும் தீர்க்கத்தக்கதாயிற்று. வெளிறிய தேமல் போன்ற இடத்தில் உணர்ச்சி குன்றியிருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டல் வேண்டும். நாணி மறைத்தல் நரம்பை இழத்தற்கு வழி.

இப்பொழுது முதல் வினாவிற்கு மீள்வோம். மயிர், எலும்பு முதலியவற்றோடு எண்ணப்பட்ட தோல் பருவுடம்பின் உறுப்பு. தாங்குதலும் போர்த்தலும் அதன் தொழில். ஆகலின் நிலத்தின் கூறு. துவக்கு என்பது அதனை இடமாகக் கொண்டு உடம்பெங்கும் பரந்து நின்று ஊற்றினைப் பற்றும் ஆற்றல், தைசதவகங்காரத்தினின்று தோன்றியது, ஆகலின் அதனைப் பூதங்களின் கூறென்னாது கருவி என்றே எண்ணினர். செங்கற்பட்டு நோயாளியின் கையில் முன்னது இருந்தது, பின்னது தொழிற்படவில்லை. இருகால் எண்ணினர் என்னும் குற்றம் ஈண்டு இல்லை. தமிழில் இதற்கு மெய் என்னும் பெயர் இருத்தலின் மயக்கம் இன்னும் எளிதில் தீரும்; தோலை மெய் என்பார் யாரும் இலர். ஓரறிவுயிர்க்கும் உரியது மெய்யுணர்வே என்று தொல்காப்பியர் மரபியலில் அதனை முதற்கண் வைத்ததும் கருதுக.

அற்றேல், துவக்கு என்பது நரம்பே என்று கூறிவிடலாமே எனின், அது கூடாது. நம் நூல்களில் நரம்பு என்பதும் தோலோடு உடன் எண்ணப்பட்ட நிலத்தின் கூறே. நரம்பும் கருவி தங்கும் இடமாம் அன்றிக் கருவி ஆகாது. இடம் அழிந்தால் கருவி தொழிற்படாது என்பது விளக்கின் திரி அழிந்தால் சுடர் நில்லாமை போல்வது. அதனால் திரியே சுடர் என்று துணிதல் இல்லை. நியாய நூலாரிடையே பழைய வழக்கொன்று உண்டு. துவக்கு உடம்பெங்கும் பரந்திருத்தலின் அஃது ஒன்றே பொறி, கண் முதலியன அதன் வேறுபாடுகளே என்று எதிர்வாதி கூற, அங்ஙனமாயின் எல்லாப் புலனும் ஒருங்கே அறியப்பட வேண்டும் என அதனை மறுப்பர். மறுப்பு வலியதே. ஆயினும் கருவளர்ச்சியை ஆராய்வோர் கூறும் ஒரு செய்தி எதிர்வாதிக்குச் சிறிது ஆறுதலாகலாம். கருவில் முதற்கண் தோன்றும் மூன்று ஏடுகளுள் புறவேட்டினின்றே மேற்றோலும் உண்டாகும். மூளையும் நரம்பும் உண்டாகும். உட்டோலின் பெரும்பகுதி நடுவேட்டினின்று வருவது. மேற்றோலும் மூளையும் உடன்பிறந்தன. ஒன்று வெளியே நின்று செதிளாய் உதிர்கின்றது, மற்றொன்று உள்ளே மடிந்து மண்டையோட்டுள் வீற்றிருக்கின்றது.

மூளையே அறிவது என்று நிறுத்துவாரோடு சித்தாந்திக்கு உள்ள வழக்கு வேறு. அது சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்தின்பாற் படும்; தோலைப் பற்றிய இக்கட்டுரையில் அதற்கு இடமில்லை.

இங்ஙனம் தோலையும் உணர்வையும் வேறு பிரித்தறிதல் ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சி அன்று. தொழுநோய் குறைந்த இந்நாளில், உள்ளங்கால் மரத்துப்போதற்குப் பெருங்காரணம் நீரிழிவு. பிராண்டு 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பின், தொழுநோயாளர் காலுக்குக் கண்ட முறைகளையே நீரிழிவாளர் காலுக்கும் பயன்படுத்தினார். நம் அன்பர்களுள் அறுபது கடந்தார் பலர்க்கு நீரிழிவு உண்டு. அவர்களே சித்திரை வெயிலில் கோயிற் பிராகாரத்தை வெறுங்காலால் வலம் வருகின்றார்கள். தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடக்கின்றார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் என் வீட்டுத் தெருவில் உள்ள ஓர் அன்பர், உச்சிவேளையில் மூன்று சுற்று வந்து வீடு திரும்பிய பின், தரையில் ஈரம் கண்டு திகைத்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்தபொழுதே இரண்டு காலிலும் கொப்புளம் உடைந்திருப்பதை அறிந்தார். "இறைவன் அருளால் சூடே தெரியவில்லை" என்று அன்று காலை அவர் கூறியது உண்மை. காரணம் மட்டும் வேறு. அப்புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று.

சூட்டின் அளவிற்கும் வேகும் நேரத்திற்கும் உள்ள தொடர்பை 1947இல் மோரிட்சு, என்றிக்சு என்னும் இருவர் அளந்து எழுதினர். 44 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் தோல் வேக ஆறு மணிநேரம் ஆகும். 60 பாகையில் ஐந்து நொடி போதும். உணர்வுள்ள கால் அவ்வைந்து நொடிக்குள் தானே விலகிக்கொள்ளும். மரத்த கால் நின்றுகொண்டிருக்கும். ஆழச் சுட்ட புண்ணில் வலியின்மையும் இவ்வகையதே: மேற்றோல் மட்டும் சுட்டால் எரிச்சல், உட்டோலின் மேற்பகுதி சுட்டால் பெருவலி, உட்டோல் முழுதும் வெந்தால் நடுவிடத்தில் வலியே இல்லை, நரம்பு நுனி வெந்தொழிந்தமையின். வலி இல்லை, ஆதலின் சிறுபுண் என்று வீட்டில் வைத்துக் களிம்பு தடவுவார் உயிருக்கே ஊறு செய்பவராவர். மேலோட்டமான புண்ணில் எஞ்சிய மயிர்க்கால்களினின்று புதிய மேற்றோல் பரவி மூடும். ஆழ்ந்த புண்ணில் அவையும் இல்லாமையின் தோல் ஒட்டுதல் வேண்டும். தம் உடம்பில் எடுக்க இடமில்லாதார்க்கு, இறந்தார் தந்த தோலைக் கிளிசரினிற் காத்துவைத்துத் தற்காலப் போர்வையாக இடுவர். அத்தகைய தோல் வங்கி கோயம்புத்தூர்க் கங்கா மருத்துவமனையில் உண்டு. இறந்த ஆறு மணிக்குள் தொடை, முதுகு முதலிய இடங்களினின்று மெல்லேடாகவே சீவி எடுப்பராகலின் உடலின் உருவம் கெடுவதில்லை.

மரத்தலை அறியும் சோதனை மிக எளிது. பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையொன்றை உள்ளங்காலிற் சில இடங்களில் ஊன்றி, கண்ணை மூடிய நோயாளியைத் தெரிகின்றதா என்று வினாவுவர். ஓரிடத்திலேனும் தெரியவில்லை என்றால் அக்காலுக்கு இனிக் கண்ணே துவக்கு. நாள்தோறும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்த்தலும், குனிய இயலாதார் தரையிற் கண்ணாடி வைத்துப் பார்த்தலும், வெந்நீரிற் காலை வைக்கும்முன் முழங்கையால் சூடு பார்த்தலும், காய்ப்பையும் கால் ஆணியையும் தாமே பிளேடு கொண்டு சீவாமையும் மருத்துவர் கூறுவன. வலம் வருதலை விடியலிலோ மாலைப் பூசைக்குப் பின்னரோ வைத்துக்கொள்ளலாம், கல் குளிர்ந்திருக்கும்.